உயராத கை: நாட்பட்ட தோள்மூட்டு நோவும் இயன்மருத்துவ வழிகளும்

என் மூத்த ராத்தா தையல்காரி. முப்பது வருடமாக மெஷின் மிதிக்கிறார். வயது 54. எட்டு வருடமாகச் சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுகிறார். நோன்புக்கு முந்திய மாதம் ஒருநாள் அவருடைய வலது தோளில் ஒரு நோவு தொடங்கியது. "என்னமோ பிசகிக் கிடக்கு, ரெண்டு நாளையில சரியாகும்" என்று விட்டுவிட்டார். இரண்டு நாள் இரண்டு மாதமாகியது. இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க ஏலாது. தலை சீவ ஏலாது. ஸ்கார்ப்புக்குப் பின் குத்த மகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. ஒருநாள் சுபஹுக்குத் தக்பீர் கட்டும்போது இடது கை காது வரை போனது. வலது கை நெஞ்சளவில் நின்றுவிட்டது. அன்றைக்குத்தான் ராத்தா அழுததைக் கண்டோம்.

அதற்குப் பிறகு மூன்று இடங்களுக்குப் போனார். முதலில் முறிவு நெரிவு பார்க்கும் ஒருவர். எண்ணெய் பூசி உருவி, "கட்டிக் கிடக்கு, இழுத்து விடோணும்" என்று கையைப் பிடித்து மேலே இழுத்தார். அன்றிரவு ராத்தாவுக்குத் தூக்கமே இல்லை. இரண்டாவது, காசு கட்டிப் போன ஓரிடம். பத்து நாள் மெஷின் வைத்தார்கள். வைக்கும்போது இதமாக இருந்தது. வீட்டுக்கு வந்து சேரும்போது பழைய நோவு காத்துக்கொண்டிருந்தது. மூன்றாவது, அரச வைத்தியசாலையொன்றின் இயன்மருத்துவப் பிரிவு. அங்கே இளம் பெண்ணொருவர் கையை மெதுவாக இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார், பல கேள்விகள் கேட்டார், மூன்று பயிற்சிகளைச் செய்து காட்டித் தாளில் வரைந்து கொடுத்து, மூன்று கிழமை கழித்து வரச் சொன்னார்.

ராத்தாவுக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "பஸ்ஸில ஒண்டரை மணித்தியாலம் குந்திப் போனா, அந்தப் புள்ள மெஷினும் வெக்கல்ல, நோவுக்கு ஒண்டும் பூசவுமில்ல. மூணு எக்ஸசைஸ எழுதித் தந்திட்டு வீட்ட போகச் சொல்லுது!"

இந்த மூவரில் யார் செய்தது சரி? ராத்தாவைப் போன்ற பலர் நம் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அதனால் இந்தக் கேள்வியைச் சற்று ஆறுதலாகப் பார்க்கலாம். கடந்த இருபது ஆண்டுகளில் தோள்மூட்டுச் சிகிச்சைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் செய்யப்பட்ட ஆய்வுகள் நமக்குப் போதுமான பதிலைத் தருகின்றன.

தேசிக்காயும் கரண்டியும்

பாடசாலை விளையாட்டுப் போட்டியில் கரண்டியில் தேசிக்காய் வைத்து ஓடிய ஞாபகம் நம்மில் பலருக்கு இருக்கும். தோள்மூட்டு ஏறக்குறைய அந்தத் தேசிக்காயும் கரண்டியும்தான். மேற்கை எலும்பின் உருண்டைத் தலை பெரியது. அது பொருந்தும் தோட்பட்டை எலும்பின் குழி சிறியது, ஆழமற்றது. அதனால்தான் உடம்பின் வேறெந்த மூட்டையும் விட இந்த மூட்டு அதிகமான திசைகளில் சுழலுகிறது. அதே காரணத்தால்தான் இலகுவில் சிக்கலுக்கும் உள்ளாகிறது.

தேசிக்காய் கரண்டியிலிருந்து விழாமல் காப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று, மூட்டைச் சுற்றிப் பை போல அமைந்த மூட்டுறை. மற்றது, தோட்பட்டை எலும்பிலிருந்து வந்து உருண்டையை முன்னும் மேலும் பின்னுமாகப் பிடித்திருக்கும் நான்கு சிறு தசைகளின் நாண்கள். சட்டைக் கையின் பட்டி மணிக்கட்டைச் சுற்றிப் பிடிப்பதுபோல் இவை பிடித்திருப்பதால் 'ரொடேட்டர் கஃப்' என்கிறார்கள். நாம் இங்கே சுழற்சி நாண்கள் என்று சொல்லிக்கொள்வோம்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் தோள் நோவை நாட்பட்ட நோவு என்பது வழக்கம். நடுத்தர வயதைத் தாண்டியவர்களில் அப்படி நீடிக்கும் நோவுக்குப் பெரும்பாலும் மேற்சொன்ன இரண்டில் ஒன்றுதான் காரணம். ஒன்றில் மூட்டுறை தடித்துச் சுருங்கியிருக்கும், அல்லது நாண்கள் தேய்ந்து பலவீனப்பட்டிருக்கும். இரண்டுக்கும் நோவு ஒரே இடத்தில்தான் தெரியும். வைத்தியமோ வெவ்வேறு.

இறுகிய தோளா, பலவீனமான தோளா?

ஆகவே எந்தச் சிகிச்சை நல்லது என்று கேட்பதற்கு முன்பு, இது எந்தத் தோள் என்று கேட்க வேண்டும். அந்த இயன்மருத்துவர் ராத்தாவின் கையைத் திருப்பிப் பார்த்தது இதற்காகத்தான்.

முழங்கையை இடுப்போடு ஒட்டி, மடித்து, கதவைத் திறப்பதுபோல் முன்கையை வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்கள். பிறகு கையைத் தளர விட்டு, வீட்டிலுள்ள இன்னொருவரை மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். நீங்கள் திருப்பினாலும் வராமல், மற்றவர் திருப்பினாலும் வராமல் ஒரே இடத்தில் கை முட்டி நின்றால், மூட்டுறை இறுகியிருக்க வாய்ப்பு அதிகம். இதுவே உறைதோள். நீங்களாகத் தூக்கும்போது நோவும் பலமின்மையும் இருந்து, மற்றவர் தாங்கித் தூக்கினால் கை ஏறக்குறைய முழுவதும் போனால், சிக்கல் நாண்களில் இருக்கக்கூடும். இந்தச் சோதனை வைத்தியரின் பரிசோதனைக்கு ஈடாகாது. மூட்டுத் தேய்வும் கையை இதேபோல் முட்ட வைக்கும். உறைதோளில் எக்ஸ்ரே பொதுவாகச் சாதாரணமாகவே இருக்கும், தேய்வில் அப்படியிராது. அதைப் பிரித்தறியவே எக்ஸ்ரே எடுக்கிறார்கள்.

உறைதோள் புதிய வருத்தம் அல்ல. பிரான்சிய சத்திரசிகிச்சை நிபுணர் டூப்ளே 1872 இல் இதை விவரித்தார். 'ப்ரோசன் ஷோல்டர்' என்ற பெயரைத் தந்தவர் அமெரிக்காவின் பொஸ்டன் நகர சத்திரசிகிச்சை நிபுணர் கொட்மன். அவருடைய தோள் பற்றிய நூல் 1934 இல் வெளிவந்தது. குனிந்து நின்று கையைத் தொங்க விட்டு ஊசல்போல் ஆட்டும் பயிற்சியை இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். மூட்டுறைதான் இறுகுகிறது என்பதை 1945 இல் நெவியாசர் எடுத்துக்காட்டினார்.

உறைதோள் மூன்று கட்டங்களாக வருவது வழக்கம். முதலில் நோவுக் கட்டம். இரவில் கூடும், கை கொஞ்சம் கொஞ்சமாகக் குறுகும். அடுத்தது விறைப்புக் கட்டம். நோவு தணியும், கை மட்டும் மரம்போல் நிற்கும். கடைசியில் இளகும் கட்டம். மொத்தம் ஒன்று முதல் மூன்று வருடம் வரை எடுக்கலாம். பெரும்பாலானோருக்குக் கை நன்றாகத் திரும்பி வரும். சிலருக்குச் சிறு விறைப்பு அதற்குப் பிறகும் தங்கிவிடுவதுண்டு.

சீனி வருத்தம் எங்கே வருகிறது?

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். நீரிழிவுள்ளோருக்கு உறைதோள் வரும் வாய்ப்பு மற்றவர்களை விட ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கணக்கொன்று 2016 இல் வெளிவந்தது. இரத்தத்தில் நீண்டகாலம் கூடியிருக்கும் சீனி, மூட்டுறையின் நார்ப்பொருளான கொலாஜனோடு ஒட்டி அதைத் தடிக்கவும் விறைக்கவும் செய்கிறது என்பது இதற்குச் சொல்லப்படும் முக்கிய விளக்கம். நீரிழிவுள்ளோருக்கு இது இரு தோளிலும் வரலாம். ஆறவும் கூடுதலான காலம் எடுக்கும்.

இலங்கையில் 2005-2006 காலப்பகுதியில் நடத்தப்பட்ட தேசிய மட்ட ஆய்வொன்று, 20 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழ பத்துப் பேருக்கு ஒருவர் நீரிழிவுள்ளவர் என்று காட்டியது. அதன் பிறகு நிலைமை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. நம் வீட்டுச் சாப்பாட்டையும் தேநீரில் போடும் சீனியையும் நினைத்துப் பார்த்தால், தோள் இறுகும் வருத்தம் ஏன் நம்மிடையே இவ்வளவு காணப்படுகிறது என்பது விளங்கும். காரணமின்றித் தோள் இறுகினால் ஒருமுறை சீனி பார்த்துக்கொள்வது நல்லது. சிலருக்கு நீரிழிவு இருப்பதே அப்போதுதான் தெரியவரும்.

வழி ஒன்று: சூடும் மெஷினும்

சிவப்பு லைட், ஷோட்வேவ், அல்ட்ராசவுண்ட், மெல்லிய மின்சாரம் பாய்ச்சும் டென்ஸ் என்று மெஷின்கள் பலவகை. நம் மக்கள் பிசியோதெரபி என்றவுடன் நினைப்பது இவற்றைத்தான். மெஷின் வைத்தால் சிகிச்சை, வைக்காவிட்டால் ஏமாற்று என்பது ராத்தாவின் கணக்கு மட்டுமல்ல.

உலகெங்கும் நடந்த ஆய்வுகளை ஒன்றுதிரட்டி மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு, சுழற்சி நாண் நோவுக்கான மின்சிகிச்சைகளைப் பற்றிய 47 ஆய்வுகளை 2016 இல் அலசியது. நாணில் சுண்ணாம்பு படிந்தவர்களுக்கு அல்ட்ராசவுண்டும், பொதுவாக லேசரும் குறுகிய காலத்துக்குச் சிறிது உதவக்கூடும். மற்றவை வெறும் பாவனைச் சிகிச்சையை விட அல்லது பயிற்சியை விட மேலதிகமாக எதையும் தருகின்றனவா என்பது உறுதியில்லை என்பதே அதன் முடிவின் சாரம்.

இதற்காகச் சூட்டை ஒதுக்க வேண்டியதில்லை. சூடான ஒத்தணம் தசையை இளக்கும், நோவை அந்த நேரத்துக்குத் தணிக்கும். பயிற்சி தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பு சுடுநீரில் பிழிந்த துவாயைத் தோளில் போட்டால் அந்தப் பலன் வீட்டிலேயே கிடைத்துவிடும். நீரிழிவினால் தோலில் உணர்ச்சி குறைந்தவர்கள் சூட்டை மறுகையால் தொட்டுப் பார்த்த பின்பே வைக்க வேண்டும். சூடு பயிற்சிக்கு முன்னோடி. சூட்டோடு மட்டும் நிறுத்திக்கொண்டால் கை உயராது.

வழி இரண்டு: கையால் செய்யும் சிகிச்சை

இயன்மருத்துவர் தம் கையால் மூட்டை மெதுவாக நகர்த்தி இளக்குவதும், நாம் 'உருவுதல்' என்பதும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். வேறுபாடு, எவ்வளவு தூரம் போவது என்று நோயாளியின் மூட்டைக் கேட்டுச் செய்வதில் இருக்கிறது. பயிற்சி பெற்றவர் மூட்டு தடுக்கும் எல்லையை உணர்ந்து அங்கே நிற்பார். உதறி இழுப்பது சிகிச்சை அல்ல. எலும்பு மெலிந்த வயதானவருக்கு அதனால் முறிவு கூட ஏற்படலாம்.

நல்லவரின் கை வைத்தியம் பலருக்கு நோவைக் குறைக்கிறது, கை அசையும் என்ற நம்பிக்கையைத் தருகிறது. ஆனால் உறைதோளைப் பற்றிய 32 ஆய்வுகளைத் தொகுத்த 2014 ஆம் ஆண்டு கொக்ரேன் அலசல், கைச் சிகிச்சையும் பயிற்சியும் சேர்ந்தாலும்கூட, முதல் சில கிழமைகளில் மூட்டுக்குள் போடும் ஸ்டெரொயிட் ஊசி அளவுக்குப் பலன் தராதிருக்கலாம் என்றது. ஆகவே இதுவும் ஒரு துணைதான்.

வழி மூன்று: பலப்படுத்தும் பயிற்சி

பலவீனமான நாண்களுக்கு முதலிடம் இந்த வழிக்குத்தான். நாண் உயிருள்ள பொருள். படிப்படியாகச் சுமை ஏற்றினால் அது தாங்கப் பழகும்.

சுவீடனில் சத்திரசிகிச்சைக்குக் காத்திருந்த 102 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குச் சுழற்சி நாண்களையும் தோட்பட்டைத் தசைகளையும் குறிவைத்துப் பாரம் கூட்டிச் செல்லும் பயிற்சி. மற்றப் பிரிவுக்குப் பொதுவான கழுத்து, தோள் அசைவுகள். மூன்று மாதத்துக்குப் பின் முதற் பிரிவில் நூற்றுக்கு 20 பேர் மட்டுமே சத்திரசிகிச்சை வேண்டும் என்றார்கள். மற்றப் பிரிவில் நூற்றுக்கு 63 பேர். 2012 இல் இது வெளியானது. பயிற்சி என்று எதையாவது செய்தால் போதாது, உரிய தசைக்கு உரிய சுமை வேண்டும் என்பதை இது காட்டியது.

நாண் கிழிந்திருக்கிறது என்று ஸ்கேன் அறிக்கையில் கண்டவுடன் பலர் பயந்துவிடுகிறார்கள். விபத்தில்லாமல், வயதோடு முழுமையாகக் கிழிந்த நாணுள்ள 452 பேரை அமெரிக்காவில் பயிற்சியில் விட்டுக் கவனித்தபோது, இரண்டு வருடத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்குச் சத்திரசிகிச்சை தேவைப்படவில்லை. நோவே இல்லாத வயதானவர்களைப் படம் பிடித்தாலும் பலருடைய நாண் கிழிந்திருப்பது தெரியும். ஸ்கேன் படத்துக்கு வைத்தியம் பார்ப்பதில்லை, கைக்குத்தான் பார்ப்பது.

சரி, பயிற்சிக்கு எத்தனை தடவை இயன்மருத்துவரிடம் போக வேண்டும்? இங்கிலாந்தில் 708 பேரை வைத்துச் செய்யப்பட்ட கிராஸ்ப் ஆய்வு இதைத்தான் கேட்டது. ஒரு சாராருக்கு நான்கு மாதத்தில் ஆறு தடவை வரை நேரடிப் பயிற்சி. மறுசாராருக்கு ஒரேயொரு தடவை, ஒரு மணித்தியாலம் வரை, பரிசோதனையும் விளக்கமும் வீட்டுப் பயிற்சியும். ஒரு வருடம் பின்தொடர்ந்து பார்த்ததில் இரு சாராருக்கும் வேறுபாடில்லை என்று 2021 இல் அறிவித்தார்கள். 2016 இல் வெளியான 86 பேரைக் கொண்ட சிறிய ஆய்வொன்றும் இப்படியே. வீட்டில் தானாகச் செய்யும் ஒரேயொரு பயிற்சிக்கும், வழமையான முழு இயன்மருத்துவத்துக்கும் பலனில் வித்தியாசம் காணப்படவில்லை.

ராத்தாவுக்குக் கோபம் வந்த இடம் இதுதான். "ஒருக்காப் பாத்து எழுதித் தந்திட்டு அனுப்பிட்டாங்க" என்று அவர் குறைப்பட்டது, நன்றாகப் பரிசோதித்து விளங்கப்படுத்திச் செய்யப்பட்டால், குறைபாடான சிகிச்சை அல்ல.

வழி நான்கு: இழுத்து நீட்டும் பயிற்சி

உறைதோளில் கை குறுகிவிடுவதால் நீட்டவேண்டியது உண்மை. எப்போது, எவ்வளவு என்பதில்தான் தவறு நடக்கிறது. "நோக நோகச் செய்தாத்தான் இளகும்" என்று சொல்லாத ஆள் நம் ஊரில் இல்லை.

நெதர்லாந்தில் உறைதோளுள்ள 77 பேரை இரண்டு வருடம் கவனித்தார்கள். ஒரு பிரிவினருக்கு நோவின் எல்லையைத் தாண்டியும் இழுத்து நீட்டும் கடும் பயிற்சி. மற்றவர்களுக்கு விளக்கமும், நோவு அனுமதிக்கும் அளவுக்குள் ஊசல் போன்ற அசைவுகளும், இயன்ற அன்றாட வேலைகளும் மட்டும். இரண்டு வருட முடிவில் மென்மையாகச் செய்தவர்களில் நூற்றுக்கு 89 பேருக்குத் தோள் ஏறக்குறைய வழமைக்குத் திரும்பியிருந்தது. கடுமையாக இழுக்கப்பட்டவர்களில் 63 பேருக்குத்தான். 2004 இல் வெளியான இது சிறிய ஆய்வுதான். என்றாலும் நோவுக் கட்டத்தில் பலாத்காரம் கூடாது என்ற இயன்மருத்துவர்களின் அனுபவத்தோடு அது ஒத்துப்போகிறது. அழற்சி கொண்டிருக்கும் மூட்டுறையை இழுத்தால் அது மேலும் எரியும். நோவு தணிந்து விறைப்பு மட்டும் எஞ்சிய பின் நீட்டலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம்.

எண்ணெய் பூசி இழுத்த அன்று ராத்தா நோவுக் கட்டத்தின் உச்சத்தில் இருந்தார். அன்றிரவு ஏன் தூங்கவில்லை என்பது இப்போது விளங்குகிறது.

ஊசியும் சத்திரசிகிச்சையும்

இவை இயன்மருத்துவம் அல்ல. ஆனாலும் இவற்றோடு ஒப்பிடாமல் இந்தக் கதை முடியாது.

உறைதோளின் நோவுக் கட்டத்தில் ஸ்டெரொயிட் ஊசி சில கிழமைகளுக்கு நல்ல தணிவு தரும். அந்த இடைவெளியில் தூங்கலாம், பயிற்சியும் தொடங்கலாம். சுழற்சி நாண் நோவில் அதன் பலன் சிறியது, குறுகியது. கிராஸ்ப் ஆய்விலும் அப்படித்தான் கண்டார்கள். நீரிழிவுள்ளவர்களுக்கு ஊசி போட்ட சில நாட்களுக்குச் சீனி ஏறும். முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லி, அந்த நாட்களில் சீனியை அடிக்கடி பார்க்க வேண்டும்.

உறைதோளுக்கு மயக்கி வைத்துக் கையை அசைத்து விடுவது, துளைவழியாக மூட்டுறையை வெட்டி விடுவது, ஊசியோடு சேர்த்து இயன்மருத்துவம் செய்வது ஆகிய மூன்றையும் இங்கிலாந்தில் 503 பேரிடம் ஒப்பிட்டார்கள். 2020 இல் வெளியான முடிவின்படி, ஒரு வருடத்தில் மூன்று பிரிவினரும் நன்றாகத் தேறினார்கள். நோயாளி உணரக்கூடிய அளவுக்கு எதுவும் மற்றதை மிஞ்சவில்லை. பாரதூரமான சிக்கல்கள் கூடுதலாகக் காணப்பட்டது வெட்டி விட்ட பிரிவில்.

நாண் நோவுக்காக எலும்பைச் செதுக்கி இடம் உண்டாக்கும் சத்திரசிகிச்சை பல ஆண்டுகள் பெருமளவில் செய்யப்பட்டது. 313 பேரைக் கொண்ட பிரித்தானிய ஆய்வொன்றில், ஒரு பிரிவினருக்கு உண்மையாகச் செதுக்கினார்கள். இன்னொரு பிரிவினருக்குக் கருவியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு எதுவும் செய்யாமல் மூடினார்கள். இரண்டிலும் பலன் ஒன்றாகவே இருந்தது. 2018 இல் பின்லாந்திலிருந்து வந்த ஆய்வும் அதையே சொன்னது. 2019 இல் சர்வதேச நிபுணர் குழுவொன்று இந்தச் சத்திரசிகிச்சை வேண்டாம் என்று உறுதியாகப் பரிந்துரைத்தது. விழுந்து திடீரெனக் கிழிந்த நாணின் கதை வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

வீட்டில் செய்யக்கூடியவை

ராத்தாவுக்கு எழுதிக்கொடுத்த மூன்று பயிற்சிகள் இவை. உறைதோளின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்குப் பொதுவாகப் பொருந்தும்.

1. ஊசல்: நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, நோவுள்ள கையைத் தளரத் தொங்கவிட்டு, உடம்பை ஆட்டுவதால் கை ஆடும்படி சிறு வட்டம். ஒரு நிமிடம்.

2. தும்புத்தடி: மல்லாந்து படுத்து, முழங்கைகளை உடம்போடு வைத்து, இரு கையாலும் தடியைப் பிடித்து, நல்ல கையால் மற்றதை வெளிப்பக்கம் மெல்லத் தள்ளுதல். முட்டும் இடத்தில் பத்து எண்ணும் வரை நின்று திரும்புதல். ஐந்து தடவை.

3. மேசையில் வழுக்குதல்: கதிரையில் குந்தி, மேசையில் துவாய் விரித்து, கையை அதன்மேல் வைத்து முன்னோக்கி வழுக்க விடுதல். பத்துத் தடவை.

நாண் பலவீனமுள்ளவருக்கு இவற்றோடு பாரம் சேரும். ஆரம்பத்தில், முழங்கையை மடித்துச் சுவரோடு நின்று புறங்கையால் சுவரைத் தள்ளி, அசையாமல் பத்து எண்ணும் வரை பிடிப்பது. அது இலகுவானதும் இறப்பர் பட்டியை இழுப்பது. பிறகு அரை லீட்டர் தண்ணீர்ப் போத்தலைத் தோள் உயரம் வரை தூக்கி மெதுவாக இறக்குவது. பலனைப் பார்க்க மூன்று மாதம் பொறுக்க வேண்டும்.

நோவை அளவாகக் கொள்ளுங்கள். பத்துக்கு எத்தனை என்று உங்களையே கேளுங்கள். நாண் பயிற்சியில் ஐந்து வரை போகலாம், அடுத்த பயிற்சி நேரத்துக்குள் அது தணிந்துவிட வேண்டும். உறைதோளின் நோவுக் கட்டத்தில் அதைவிடக் குறைவாகவே நிறுத்துங்கள். இரவில் நோவு கூடினால் அன்று செய்தது அதிகம் என்று பொருள். அடுத்த நாள் பாதியாகக் குறையுங்கள், முற்றாக விட்டுவிடாதீர்கள். படுக்கும்போது நோவுள்ள கையின் கீழ் ஒரு தலையணை வைத்தால் தோள் தொங்காது.

ராத்தா எல்லோரையும் போலப் பயிற்சியை மறந்துவிடுவார். அந்த இயன்மருத்துவர் கேட்டாராம்: "உம்மா, அஞ்சு வக்தும் தவறாமத் தொழுவீங்கதானே? தொழுது எழும்பினதும் அஞ்சு நிமிஷம் இதையும் செய்யுங்க." ஐந்து வேளை ஐந்து நிமிடம். அதற்குப் பிறகு மறதி என்ற பேச்சு வரவில்லை.

பெண்கள் பற்றி ஒரு வார்த்தை

நம் பெண்கள் பலர் தோளைத் திறந்து காட்டக் கூச்சப்பட்டே மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறார்கள். உறைதோளோ 40 முதல் 60 வயதுக்கிடையிலான பெண்களுக்குக் கூடுதலாக வருகிறது. பெண் இயன்மருத்துவர் இருக்கிறாரா என்று கேட்பது உங்கள் உரிமை. இல்லாவிட்டால் வீட்டிலிருந்து ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம், திரை மறைவைக் கேட்கலாம். முன்பக்கம் திறக்கும் தளர்வான சட்டை அணிந்து போனால் பரிசோதனை இலகு. நாளாந்தம் போய்வர வேண்டியதில்லை, ஒருமுறை நன்றாகப் பார்த்து வீட்டில் செய்தாலே பெரும்பயன் உண்டு என்ற ஆய்வு முடிவு, தூரத்தில் இருப்பவர்களுக்கும் வீட்டைவிட்டு வர ஏலாதவர்களுக்கும் மிகவும் உதவியானது. கணவன்மாரும் பிள்ளைகளும் இதில் ஒன்றைச் செய்யலாம். சில மாதத்துக்கு உயரத்திலுள்ள டப்பாக்களைக் கீழ்த்தட்டில் வையுங்கள். தேங்காய் திருவுவதையும் உடுப்புப் பிழிவதையும் ஆள் மாறிச் செய்யுங்கள்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

எல்லாத் தோள் நோவும் தோளிலிருந்து வருவதல்ல. நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறலோடு தோளிலோ கையிலோ நோவு வந்தால் அது இதயமாக இருக்கலாம். உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நடக்கும்போது வந்து நின்றால் ஆறும் தோள் நோவும் அப்படியே. காய்ச்சலோடு மூட்டு வீங்கிச் சிவந்தால் மூட்டில் கிருமி புகுந்திருக்கலாம். விழுந்த பிறகு கையைத் தூக்கவே ஏலாமல் போனால் முறிவு, மூட்டு விலகல், நாண் முற்றாகக் கிழிதல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். புதிதாகக் கிழிந்த நாணுக்குச் சத்திரசிகிச்சை தேவைப்பட்டால் அதைத் தாமதிப்பது நல்லதல்ல. கட்டி தென்படல், காரணமில்லாத மெலிவு, கை மரத்துப்போதல் இருந்தாலும் பயிற்சியை நிறுத்தி வைத்தியரைக் காணுங்கள்.

ராத்தாவின் கை

ஒப்பிட்டுப் பார்த்ததில் நமக்குக் கிடைப்பது இதுதான். முதலில் எந்தத் தோள், எந்தக் கட்டம் என்று அறிய வேண்டும். இறுகிய தோளுக்கு நோவுக் கட்டத்தில் மென்மை, தேவையானால் ஊசி, பிறகு நீட்டல். பலவீனமான தோளுக்குப் பொறுமையாகக் கூட்டிச் செல்லும் சுமை. சூடும் மெஷினும் கைச் சிகிச்சையும் துணைக்கு வரலாம். அவற்றை வைத்துக்கொண்டு பயிற்சியை விட்டால் காசும் காலமும்தான் போகும். ராத்தா மூன்று இடங்களுக்குப் போனதில், கையில் ஒன்றும் வைக்காமல், ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிய அந்தப் பெண்தான் சரியாகச் செய்தார்.

மூன்று கிழமை கழித்து ராத்தா திரும்பவும் போனார். அப்போது வைத்தியர் ஒருவர் பார்த்து ஊசி போட்டார். இரண்டு நாள் சீனி ஏறி இறங்கியது. அதற்குப் பிறகுதான் தூக்கம் வந்தது. இப்போது பதினான்கு மாதம். கை முழுதாகத் திரும்பவில்லை. முதுகுப்பக்கம் இன்னும் எட்டாது. தையலை ஒரு நாளைக்கு நாலு மணித்தியாலத்தோடு நிறுத்திக்கொள்கிறார். ஸ்கார்ப்புக்குத் தானே பின் குத்துகிறார். தக்பீருக்கு வலது கை இப்போது காதுச் சோணைக்குக் கொஞ்சம் கீழே வந்து நிற்கிறது.

"இன்னும் ரெண்டு விரக்கடதான்" என்கிறார். அந்தத் தாள் இன்னும் அலுமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது.